அறுந்தால் யார் வருவார்கள்?

எங்கள் கேபிள் டிவி கன்ட்ரோல் ரூமில் ஒரு தகர அலமாரி இருக்கிறது. அதன் கீழ்த்தட்டு முழுக்கப் புகார் நோட்டுகள், மொத்தம் 43. முதல் நோட்டு 1998 தை மாதம் தொடங்குகிறது. அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்னப் பேரூராட்சி எங்கள் ஊர். வீட்டின் முன்னறைதான் கன்ட்ரோல் ரூம், மொட்டை மாடியில் 3 டிஷ். வீட்டுக்காரர் போஸ்ட் ஏறுவார், நான் போன் எடுப்பேன். யார், எந்தத் தெரு, என்ன கோளாறு, எத்தனை மணிக்குச் சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சரியானது என்று 5 கட்டம் போட்டு எழுதி வைப்பேன். என் அப்பா ரைஸ் மில்லில் கணக்கெழுதியவர். அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

போன வருஷம் கேபிள் ஆபரேட்டர்கள் கூட்டம் ஒன்றில், அரசு வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கொடுக்க வந்தால் நம் பிழைப்பு என்னாகும் என்று பேச்சு வந்தது. இந்தத் தொழிலில் அரசு தனியாரோடு போட்டி போடலாமா? பாதிப் பேர் கூடவே கூடாது என்றார்கள். அரசு வரிப்பணத்தில் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும், நம்மால் ஒரு மாத நஷ்டத்தைக்கூடத் தாங்க முடியாது என்பது அவர்கள் பயம். மீதிப் பேர், நாலு பெரிய கம்பெனிகள் நம்மை விழுங்குவதைவிட அரசே வந்தால் தேவலை என்றார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். கொடுத்தது 10 நிமிஷம். எந்தப் பக்கம் என்று கேட்டவர்களுக்கு அந்த 10 நிமிஷத்தில் என்னால் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அன்று விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும். 2000-களில் எங்கள் வட்டாரத்துக்கு சிக்னல் கொடுத்தது ஒரே ஒரு தனியார் நிறுவனம். அவர்கள் ரேட்டை ஏற்றினால் ஏற்றியதுதான். கேட்க ஆள் கிடையாது, மாறிப்போக வேறு இடமும் கிடையாது. ஒரு தீபாவளிக்கு முதல் நாள் 9,000 ரூபாய் பாக்கிக்காக சிக்னலை நிறுத்திவிட்டார்கள். அன்றைய பக்கத்தை இப்போது திறந்தாலும் வயிற்றைப் பிசையும். சாயங்காலம் 4 மணியிலிருந்து ராத்திரி 11 வரை 112 புகார். பணம் கட்டின ஜனங்கள், எங்கள் வாசலில் நின்று எங்களைத்தான் திட்டினார்கள். வீட்டுக்காரர் என் வளையலை அடகு வைத்து, ராத்திரியோடு ராத்திரியாக பஸ் ஏறிப் போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தார். தீபாவளி காலையில் படம் வந்தது.

அதனால்தான் அரசு கேபிள் வந்ததை நான் ஒரு பக்கமாக மட்டும் பார்ப்பதில்லை. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007-ல் உருவானது. நடுவில் அரசியல் காரணங்களால் படுத்துக் கிடந்து, 2011 செப்டம்பரில் மறுபடியும் எழுந்தது. வீட்டுக்கு மாதம் 70 ரூபாய் கட்டணம், அதில் 20 ரூபாயை ஆபரேட்டர் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும், மீதி 50 ஆபரேட்டருக்கு. அறிவிப்பைப் பேப்பரில் படித்த அன்று நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை. அதுவரை வீட்டுக்கு 130 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தோம். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டால், மேலே கட்ட வேண்டியது குறைந்ததில் எங்கள் கைக்கு நின்றது பழையதைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. வாங்கும் ஜனங்களுக்குத்தான் லாபம். தோட்ட வேலைக்குப் போகிற அக்காமார் மாசா மாசம் 60 ரூபாய் மிச்சம் என்று சொன்னபோது, அது எத்தனை நாள் காய்கறி என்று எனக்குத் தெரியும்.

அதைவிடப் பெரியது, போவதற்கு இரண்டாவது ஒரு கதவு வந்தது. அரசு கேபிளுக்கு மாறாத ஆபரேட்டர்களிடம்கூடத் தனியார்க்காரர்கள் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள். போட்டி என்றால் என்ன என்று நான் புத்தகத்தில் படிக்கவில்லை. போனில் எதிர்முனைக் குரல் மாறியதில் தெரிந்துகொண்டேன்.

எதிர்க்கிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்றை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2012 டிசம்பரில் டிராய் என்கிற மத்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், மாநில அரசுகளோ அவற்றின் நிறுவனங்களோ கேபிள் விநியோகத்தில் இறங்கக் கூடாது என்று பரிந்துரை செய்தது. எந்தச் செய்தி சேனல் வீட்டுக்குள் போக வேண்டும் என்ற பிடி ஆட்சியில் இருப்பவர்கள் கையில் போய்விடும் என்பதுதான் கவலை. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைக்க 2017 ஏப்ரல் வரை ஆனதற்குப் பின்னால் இந்தப் பரிந்துரையும் இருந்தது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அது கம்பிக்குள் என்ன ஓடுகிறது என்பதைப் பற்றிய கவலை. கம்பியை யார் இழுப்பது, யார் காப்பாற்றுவது என்பது வேறு கேள்வி. என் நோட்டுகள் முழுக்க அந்த இரண்டாவது கேள்விதான் இருக்கிறது.

2016-ல் நாங்கள் ஃபைபருக்கு, அதாவது வெளிச்சத்தில் சிக்னல் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிளுக்கு மாறினோம். ஒரு தனியார் நிறுவனத்தின் இன்டர்நெட்டை எங்கள் பகுதியில் கொடுக்கும் வேலை. வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி வந்து ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அறுந்த இழையை ஒட்டும் ஸ்ப்ளைஸிங் மெஷினை நான் கற்றுக்கொண்டேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "நெட் வரல" என்று போன் செய்கிறவர்களுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிய வாய்ப்பில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் அறுப்பு முடிந்ததும் வைக்கோல் லாரிகள் போகும். லோடு இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். ரோட்டுக்குக் குறுக்கே போகிற கேபிளை அது அப்படியே இழுத்துக்கொண்டு போய்விடும், டிரைவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அப்படி ஒரு மாசி மாதம், ராத்திரி 9.20-க்கு ஒரே நிமிஷத்தில் 7 போன். எல்லோரும் ஒரே வார்த்தை: "ஏக்கா, பாக்ஸில செவப்பு லைட்டு எரியுதுக்கா." ஏழு பேரும் வெவ்வேறு தெரு என்றால் தெருக் கேபிள் இல்லை, மெயின் லைன் போயிருக்கிறது என்று அர்த்தம். டார்ச்சையும் மெஷின் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, வேலைக்கு இருந்த தம்பியுடன் வண்டியில் போனேன். வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேபிள் ரோட்டில் கிடந்தது.

12 இழைக் கேபிள் அது. மேல்தோலை உரித்தால் உள்ளே நிற நிறமாக இழைகள். நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல், வெள்ளை என்று வரிசை உண்டு. எங்கள் தொழிலில் அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்திருப்போம், டார்ச் வெளிச்சத்தில் பச்சையும், அக்வா என்கிற வெளிர் நீலப்பச்சையும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் வரிசையை விட்டால் தொலைந்தோம். நிறப்பூச்சைச் சுரண்டினால் கண்ணாடி இழை, தலைமுடி கனம்தான். ஸ்பிரிட் நனைத்த துணியில் துடைத்து, கிளீவரில் வைத்து நறுக்க வேண்டும். நறுக்கி விழும் துண்டு கையில் ஏறினால் வெளியே எடுப்பது கஷ்டம், அதனால் அதை ஒரு டேப்பில் ஒட்டி வைத்துக்கொள்வேன். இரண்டு முனையையும் மெஷினில் வைத்து மூடினால், சின்னத் திரையில் அவை இரண்டு பெரிய குழாய்கள் மாதிரி எதிரெதிரே நிற்கும். ஒரு தூசி இருந்தாலும் பாறாங்கல் போலத் தெரியும். பட்டனை அழுத்தினால் ஒரு பொறி, இரண்டும் ஒன்றாகும். ஒட்டில் வெளிச்சம் எவ்வளவு வீணாகிறது என்று திரை காட்டும், 0.02 டிபி என்று வந்தால் நல்ல ஒட்டு. மேலே ஸ்லீவை ஏற்றிச் சூடாக்கி, அடுத்த நிறம்.

நடுவில் புதுத் துண்டு சேர்த்ததால் 12 இழைக்கும் இரண்டு இடத்தில், ஆக 24 ஒட்டு. முடிக்கும்போது ராத்திரி 1.45. கடைசி வீட்டில் பவர் மீட்டர் வைத்துப் பார்த்தபோது மைனஸ் 21 காட்டியது, நெட்டுக்கு அந்த வெளிச்சம் போதும். நோட்டில் 7 கட்டத்திலும் நேரம் எழுதிவிட்டுத்தான் படுத்தேன்.

இந்த வேலையை யார் செய்வார்கள் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி. அரசா தனியாரா என்று விவாதிக்கிற எல்லோரும் கேபிள் இழுக்கும் செலவைப் பற்றியே பேசுகிறார்கள். இழுப்பது ஒரு தடவை செலவு. அறுந்துபோவது வாரா வாரம்.

2020-க்கு வருகிறேன். மலையடிவாரத்தில், எங்கள் ஊரிலிருந்து 3.4 கிலோமீட்டரில் 36 வீடுகள் உள்ள ஒரு குக்கிராமம். ஊரடங்கில் பள்ளிக்கூடம் போனுக்கு வந்துவிட்டது, அந்த ஊரில் போனுக்கு சிக்னல் கிடையாது. பிள்ளைகள் ஒரு பாறை மேல் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். மழை வந்தால் பாடம் இல்லை. பிளஸ் டூ படித்த ஒரு பெண்பிள்ளை தன் அம்மாவோடு எங்கள் கன்ட்ரோல் ரூமுக்கு வந்து, "அக்கா, ஒரு கம்பி மட்டும் விட்டுக் குடுங்கக்கா, மாசம் எவ்வளவுன்னாலும் அம்மா களையெடுத்துக் கட்டிரும்" என்றாள். நான் நெட் வாங்கிக்கொண்டிருந்த நிறுவனத்திடம் கேட்டேன். அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். அத்தனை தூரத்துக்கு அத்தனை வீடு போதாது, சிஸ்டத்தில் போட்டாலே நிராகரித்துவிடும் என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கணக்கில் அந்த ஊருக்கு லைன் இழுக்க இடமே கிடையாது.

நாங்களே இழுத்தோம். பாதி தூரம் போஸ்ட், பாதி தூரம் தோட்டக்காரர்களிடம் கேட்டு இலவ மரத்திலும் தென்னையிலும் கட்டினோம். 36 வீட்டில் 19 வீடு இணைப்பு எடுத்தது, மாதம் 350 ரூபாய். ஆடிக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று கம்பம், கூடலூர்ப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். கிளை முறிந்து விழும், இல்லாவிட்டால் அணில் கடிக்கும். இரண்டு வருஷத்தில் அந்த லைன் மட்டும் 31 தடவை அறுந்திருக்கிறது. நோட்டில் எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அந்த லைன் ஒரு மாதம்கூட எங்களுக்கு லாபம் தரவில்லை. அந்தப் பெண்பிள்ளை இப்போது நர்சிங் படிக்கிறாள், அதில் எனக்கு நிறைவு உண்டு. ஆனால் எங்களால் ஒரு ஊருக்குத்தான் அப்படிச் செய்ய முடிந்தது. அதே அடிவாரத்தில் இன்னும் 5 ஊர்கள் அப்படி இருந்தன. அந்த 5 ஊருக்கும் முடியாது என்று சொல்லி அனுப்பியவளும் நான்தான்.

இந்த இடத்தில் அரசு வராவிட்டால் யாரும் வர மாட்டார்கள். இங்கே போட்டி என்ற பேச்சே பொருந்தாது, போட்டியிட எதிரே ஆளே இல்லை.

கூட்டத்தில் பேசுவதற்காக மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்று ஒரு ஊர். அங்கே மின்சாரம் கொடுப்பது இபிபி என்ற, ஊருக்கே சொந்தமான நிறுவனம். நம் மின்வாரியம் மாதிரி, ஒரு நகரத்துக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் மட்டும். மின் லைனில் கோளாறு எங்கே என்று தானாகக் கண்டுபிடிக்க அவர்கள் ஃபைபர் இழுத்தார்கள், அதே ஃபைபரில் வீடுகளுக்கு இன்டர்நெட்டும் கொடுத்தார்கள். மத்திய அரசு 11 கோடி டாலருக்கு மேல் மானியம் தந்தது. 2010-ல் தங்கள் பகுதி முழுக்க ஒரு கிகாபிட் வேகம் கொடுத்தபோது அந்த நாட்டிலேயே அதுதான் முதல். கேபிள் கம்பெனிகள் முன்னதாகவே கோர்ட்டுக்குப் போயின, தடுக்க முடியவில்லை. ஆனால் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டபோது மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. மின்சாரம் கொடுக்கும் எல்லையைத் தாண்டி நெட் கொடுக்கக் கூடாது. 2015-ல் அங்கத்துத் தொலைத்தொடர்பு ஆணையம் கொடுக்கலாம் என்றது, 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த வீடுகளை நினைத்தபோது எனக்கு எங்கள் அடிவாரத்து 5 ஊர்கள்தான் கண்ணில் வந்தன.

எல்லோரும் சட்டனூகாவின் வேகத்தைப் பற்றி எழுதுகிறார்கள். நான் கவனித்தது வேறு. அது மின்வாரியம். புயலோ மழையோ, ராத்திரி 2 மணிக்கு வண்டியோடும் ஏணியோடும் கிளம்புகிற ஆட்கள் அவர்களிடம் அதற்கு முன்பே பல தலைமுறையாக இருந்தார்கள். ஃபைபரும் அவர்களுக்கு இன்னொரு லைன். யூட்டா மாநிலத்தில் பிரோவோ நகராட்சி கிட்டத்தட்ட 4 கோடி டாலர் கடன் வாங்கி ஃபைபர் போட்டு, நடத்த முடியாமல் 2013-ல் கூகுளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டது. கடனை ஊர் ஜனங்கள்தான் தொடர்ந்து கட்டினார்கள். ஆக, அரசு இறங்கினால் நல்லது என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. எனக்கு மனசுக்குப் பிடித்தது ஸ்டாக்ஹோம் நகரத்து வழி. அங்கே நகராட்சியின் ஸ்டோகாப் நிறுவனம் 1994 முதல் ஃபைபரை மட்டும் போட்டு, கேட்கிற எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி வாடகைக்கு விடுகிறது. அது வீட்டுக்கு நெட் விற்கப் போவதில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். குமுளி ஏறினால் கேரளா. அங்கே மின்வாரியப் போஸ்ட்களில் இழுத்த கே-ஃபோன் திட்டத்தை 2023 ஜூன் 5 அன்று தொடங்கினார்கள். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுப்பது நோக்கம், முதலில் தொகுதிக்கு 100 என்று 14,000 வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்களிடம் கொடுத்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்த ஊர் ஆபரேட்டர்கள் ஏற்கெனவே ஒன்றுசேர்ந்து கேரளாவிஷன் என்று சொந்த நிறுவனம் நடத்துகிறவர்கள். நாம் ஏன் இத்தனை வருஷமாக அப்படி ஒன்றுசேரவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

நம் மாநிலத்திலும் 2018-ல் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் தொடங்கி, 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் மின் போஸ்ட்கள் மேலேயே கேபிள் போகிறது. இதை நான் முழு மனசோடு வரவேற்கிறேன். எங்கள் 3.4 கிலோமீட்டர் வேதனையை 12,525 ஊருக்கும் எடுத்துக்கொள்ள அரசைத் தவிர யாரால் முடியும்?

ஆனால் ஒரு ஊராட்சி அலுவலகத்தில் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். எந்த ஊர் என்று வேண்டாம். வேறு வேலையாகப் போனபோது மூலையில் ஒரு பெட்டி, ஃபைபர் வந்து ஏறியிருக்கிறது. ஒரு விளக்கும் எரியவில்லை. பிளக் கழற்றியிருந்தது. கிளார்க் தங்கச்சியிடம் கேட்டேன். கரண்ட் போய் வந்த பிறகு அது வேலை செய்யவில்லை, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, ஃபேனுக்கு அந்த பிளக் பாயிண்ட் தேவைப்பட்டது என்றாள். பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். சீரியல் நம்பர் இருந்தது, கூப்பிட ஒரு போன் நம்பர் இல்லை. எனக்கு அழுகை வராத குறை. அந்தக் கம்பி அங்கே வர எத்தனை பேர் எத்தனை போஸ்ட் ஏறியிருப்பார்கள்.

ஆகவே என் பதில் இதுதான். ஊருக்கு ஊர் போகிற பெரிய லைனை அரசு இழுக்கட்டும், தன் சொத்தாகவே வைத்துக்கொள்ளட்டும். அதைப் பெரிய கம்பெனிக்கும் எங்களைப் போன்ற 600 வீட்டு ஆபரேட்டருக்கும் ஒரே வாடகையில் விடட்டும். ஏற்கெனவே 3 பேர் நெட் கொடுக்கிற பஸ் ஸ்டாண்ட் தெருவில் நாலாவது ஆளாக வந்து மானிய விலையில் விற்பதை நான் ஆதரிக்க மாட்டேன், அங்கே அழிவது பெரிய கம்பெனி கிடையாது, நாங்கள்தான். யாரும் வராத ஊருக்கு அரசே வீட்டுக்குள்ளும் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். ஒரே ஒரு நிறுவனம் மட்டும் இருந்து தான் வைத்ததுதான் சட்டம் என்று நடக்கிற இடத்திலும் வரட்டும், 2011-க்கு முன்னால் நாங்கள் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம். எங்கே வந்தாலும், போனை எடுக்கிற ஆளையும் ஸ்ப்ளைஸிங் மெஷினையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். டெண்டரில் கேபிள் கிலோமீட்டருக்கு ஒரு தொகை இருப்பது போல, அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஒட்ட வேண்டும் என்பதற்கும் ஒரு தொகை இருக்க வேண்டும். அந்த வேலையை அந்தந்த ஊர் ஆளிடம் கொடுத்தால் சம்பளமும் ஊரிலேயே தங்கும், வாய்க்கால் பாலமும் வைக்கோல் லாரி வரும் மாதமும் தெரிந்தவராகவும் இருப்பார்.

அடிவாரத்து அந்த 36 வீட்டு ஊர் இருக்கிற ஊராட்சிக்கு இப்போது அரசு ஃபைபர் வந்துவிட்டது. அக்டோபர் 2 கிராம சபையில் நான் ஒரு மனு கொடுத்தேன். பெட்டிக்கு ஒரு பேட்டரி, பெட்டி மேல் ஒரு போன் நம்பர், மாதம் ஒரு தொகைக்குப் பராமரிக்க உள்ளூர் ஆள் ஒருவர். படிக்கும்போது குரல் நடுங்கியது. தலைவர் அம்மா முழுதாகக் கேட்டுவிட்டு, தீர்மானத்தில் எழுதச் சொன்னார். பேட்டரி தை மாதம் வந்துவிட்டது. பராமரிப்பு ஆளுக்கு எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்று மேலே கேட்டிருக்கிறார்களாம், இன்னும் பதில் வரவில்லை. பதில் வரும்வரை போன் நம்பருக்கு என் நம்பரை எழுதச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் இரண்டு தடவை போய் வந்தேன். இரண்டையும் 43-வது நோட்டில் எழுதியிருக்கிறேன்.